இரண்டாவது சைக்கிளுக்கு ஓர் உருபு: கருங்காட்டில் ஒரு யாழ்ப்பாணத்தான் செய்த ஆய்வு

சொல்லாராய்ச்சி

மின்மலைமிதிவண்டி என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் தொடங்கிய ஆய்வை எங்கள் ஊரில் ஆய்வென்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே பிரிப்போம்.

'மிதிவண்டி' வினைத்தொகை. மிதித்த வண்டி, மிதிக்கின்ற வண்டி, மிதிக்கும் வண்டி என மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. கையில் இருக்கும் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலமும், வாங்க நினைக்கும் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது எதிர்காலமும் மேலே வரும். நிகழ்காலத்தில் அது பெரும்பாலும் நிலவறையில் சும்மா நிற்கும். 'மலைமிதிவண்டி' என்பதை மலையில் மிதிக்கும் வண்டி என ஏழாம் வேற்றுமை கொண்டு விரிப்பது வழக்கம். மலையை மிதிக்கும் வண்டி என இரண்டாம் வேற்றுமை கொண்டு விரிப்போரும் உளர். என் முழங்கால்கள் இரண்டும் அந்தக் கட்சி.

சிக்கல் 'மின்'னில் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு 'ஆல்' என்றும் 'ஓடு' என்றும் உருபுகள் உண்டு. இது மின்னால் மலையேறும் வண்டியா, மின்னோடு மலையேறும் வண்டியா? இலக்கணகாரர் தீர்க்காத இந்த வழக்கை ஐரோப்பிய ஒன்றியம் தீர்த்து வைத்திருக்கிறது. மோட்டரின் தொடர்வலு 250 வாட்டைத் தாண்டலாகாது. ஓட்டுபவர் மிதிக்கும்போது மட்டுமே அது உதவ வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர் ஆனதும் கையை எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் அடங்கினால் ஜேர்மனியில் அது வெறும் சைக்கிள். இலக்கத்தகடு வேண்டாம், சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டாம். மின்னோடு போனால் சைக்கிள், மின்னால் போனால் மோட்டர் வண்டி. ஓர் உருபு மாறினால் காப்புறுதி கட்ட வேண்டி வரும் என்று தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனி 'இரண்டாவது'. முதலாம் வேற்றுமைக்கு உருபு இல்லை. பெயர் தானாக வந்து எழுவாயாக நிற்கும். என் முதலாவது மின்சைக்கிளும் 2019இல் அப்படித்தான் வந்து நின்றது. ஏன், எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வேற்றுமைக்கோ 'ஐ' என்ற உருபு உண்டு. தொகையில் அது மறையலாம். என் வீட்டில் மறைக்க முடியாது. இரண்டாவது சைக்கிளுக்கு ஓர் உருபு வேண்டும் என்ற நிலை வந்தபோது நான் தேடிப் பிடித்ததுதான் 'நெடுந்தூரம் போவதற்கு' என்பது. அந்த உருபு தாங்குமா, தாங்காதா என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வாளரும் களமும்

ஆய்வாளர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அங்கே மலை கிடையாது. கீரிமலை என்ற பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. நம்பிப் போனால் ஒரு கேணியும் அதையொட்டிக் கடலும் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லின் மேல் பாயை விரித்து வைத்தது போன்ற நிலம். ஊரை விட்டு வெளிக்கிடும் வரை நான் சைக்கிளில் ஏறிய ஆகப் பெரிய ஏற்றம் ஒரு மதகு. ஆகவே மலைச்சைக்கிள் விடயத்தில் எனக்கு முற்சாய்வு எதுவும் இருக்க வழியில்லை என்பதை ஆய்வின் தகுதியாகக் கொள்ளலாம்.

களம் ஃபிரைபுர்க். சுவார்ஸ்வால்ட் என்னும் கருங்காட்டின் தென்மேற்கு மடியில், கடல்மட்டத்திலிருந்து 278 மீற்றரில் நகரம் கிடக்கிறது. அதன் முதுகிலேயே சவுயின்ஸ்லாண்ட் மலை 1,284 மீற்றருக்கு எழும்புகிறது. இன்னும் உள்ளே போனால் ஃபெல்ட்பேர்க், 1,493 மீற்றர். கருங்காட்டில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் இருந்து ஆயிரம் மீற்றர் ஏற்றம் என்பது மதகில் பயின்றவனுக்குச் சிறிய விடயமல்ல. சவுயின்ஸ்லாண்டுக்கு 1930ஆம் ஆண்டிலிருந்து கம்பிவண்டி ஓடுகிறது. மூன்றரைக் கிலோமீற்றருக்கும் கூடிய நீளம். இருந்த இடத்திலிருந்து உச்சிக்குக் கிட்டப் போகலாம். அப்படியிருக்க ஏன் சைக்கிளில் ஏற வேண்டும் என்ற கேள்வி ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது. அதை அங்கேயே நிற்க விடுவோம்.

முன்னோடிகள்

நெடுந்தூர ஓட்டம் பற்றிய முதல் இரண்டு கள ஆய்வுகளும் இதே பாடன் நாட்டில்தான் நடந்தன என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு. வந்து குடியேறியவனுக்கு உரிய அளவில்.

முதலாமவர் கார்ல் திரைஸ். 1817 ஜூன் 12ஆம் நாள் மன்ஹைம் நகரில் இருந்து தன் ஓட்டப்பொறியில் புறப்பட்டு, சுவெட்சிங்கன் போகும் வீதியில் ஒரு சத்திரம் வரை போய்த் திரும்பினார். இரண்டு சில்லும் ஒரு கட்டையும். மிதி கிடையாது, காலால் நிலத்தை உந்திப் போக வேண்டும். குதிரை நடந்து போவதை விட வேகமாகப் போனார். அந்தப் பொறியின் நிறை ஏறக்குறைய 22 கிலோ. என் முதலாவது மின்சைக்கிளைக் குளியலறைத் தராசில் தூக்கி வைத்து நிறுத்தேன்: 23 கிலோ. இரண்டு நூற்றாண்டு காலமாக உலோகவியலார் கிராம் கிராமாகக் குறைத்ததை எல்லாம் எங்கள் தலைமுறை பற்றரியைப் பூட்டித் திரும்பச் சமப்படுத்தி விட்டது.

இரண்டாமவர் பேர்த்தா பென்ஸ். 1888 ஓகஸ்ட்டில், கணவர் கார்ல் பென்ஸ் செய்து வைத்திருந்த மூன்று சில்லு மோட்டர் வண்டியை அவருக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்மாரோடு மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். நூறு கிலோமீற்றருக்குக் கூடிய பயணம். வழியில் எரிபொருள் தீரும் நிலை வந்தது. வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். ஏற்றம் வந்த இடங்களில் வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வீடு திரும்பியதும் கணவருக்கு அவர் கொடுத்த அறிவுரை, மலையேற இன்னொரு கியர் வேண்டும் என்பது.

இதில் ஆய்வுக்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன: சக்தி பாதியில் தீரும் பயம், ஏற்றத்தில் தள்ளுதல், திரும்பி வந்து கூடுதல் உபகரணம் கேட்டல். ஒரு வேறுபாடுதான். அங்கே மனைவி கணவருக்குச் சொல்லாமல் வண்டியை எடுத்தார். இங்கே கணவன் மனைவிக்குச் சொல்லாமல் ஒரு வண்டியும் எடுக்க முடியாது.

அலகு

பற்றரியின் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வது உலக வழக்கம். 500, 625, 750, 800 என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டு போவார். இந்த எண்கள் எனக்குள் இறங்குவதில்லை. கொத்து, பறை, பரப்பு என்று அளந்து வளர்ந்தவனுக்குக் கைக்கு அகப்படும் அலகு வேண்டும். அதை நானே உருவாக்கினேன்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போரினால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடை, சவர்க்காரம் தடை, பற்றரியும் தடை. ரோச்சுக்குப் போடும் சின்னப் பற்றரிதான். அதுவும் சோதனைச்சாவடியில் பறிக்கப்படும் பொருள். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயப்போட்டு இன்னும் இரண்டு நாளைக்குப் பாவிப்போம். அதுவும் முடிந்தால் சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, வயரை றேடியோவில் கொழுவி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற வேண்டும். இரவு லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை, அரை மணி நேரம். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை எனக்கு. முற்றத்தில் ஏழெட்டுப் பேர் குந்தியிருப்பார்கள். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். "விடாதை, விடாதை, குரல் போகுது" என்று அப்பா கத்துவார். அந்த அரை மணி நேரத்தில் உலகத்தில் என்ன நடந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. சுற்றுகிறவனுக்குச் செய்தி கேட்காது.

சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அரை மணி நேரம் நன்றாகச் சுற்றினால் 1.5 வாட்-மணி. இதையே இவ்வாய்வு ஒரு தமிழோசை என்று கொள்கிறது.

இந்த அலகைப் பயன்படுத்தியதும் எல்லாம் துலங்குகிறது. என் முதலாவது சைக்கிளின் 500 வாட்-மணி பற்றரியில் 333 தமிழோசை இருக்கிறது. நாளுக்கு ஒன்றாக ஓர் ஆண்டுக்கு ஒரு மாதம் குறை. 800 வாட்-மணி என்றால் 533. நானும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து 112 கிலோ. ஃபிரைபுர்க்கில் இருந்து சவுயின்ஸ்லாண்ட் உச்சிக்கு இந்தப் பாரத்தைத் தூக்க, கல்லும் மண்ணும் தின்னும் உராய்வை விட்டுவிட்டால், ஏறக்குறைய 307 வாட்-மணி தேவை. 205 தமிழோசை. ஏழு மாதச் செய்தியை ஒரு காலைநேரத்தில் எரித்து மேலே போய், ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுக் கீழே உருண்டு வருவதை இவ்வூரில் உடற்பயிற்சி என்கிறார்கள்.

எதிர்வாதி ஒருவர் எழும்பி, உணவோடு ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்கட்டும். 500 வாட்-மணி என்பது 430 கிலோகலோரி. ஒரு தட்டுச் சோறும் கறியும் அதைத் தாண்டும். ஆனால் மனித உடல் தின்றதில் கால்வாசியைத்தான் மிதியில் இறக்கும், மீதியை வியர்வையாக்கி நண்பர்களை விலக்கி வைக்கும். மோட்டரோ தின்றதில் பெரும்பங்கைத் திருப்பித் தரும். பற்றரியின் மேன்மை இவ்விடத்தில் நிறுவப்பட்டது.

பரபக்கம்

சைவ சாத்திரம் படித்த ஊரில் பிறந்ததால், என் கட்சியைச் சொல்லுமுன் பிற மதங்களை எடுத்துச் சொல்லி மறுப்பதே முறை.

முதலில் இலகுவாதிகள். சைக்கிள் 18 கிலோவுக்குள் இருக்க வேண்டும், மோட்டர் கண்ணுக்குத் தெரியக்கூடாது, காதுக்குக் கேட்கக்கூடாது என்பது இவர்கள் கொள்கை. பவேரியாவில் செய்யப்படும் ஒரு மோட்டர் 1.85 கிலோதான், 50 நியூட்டன்-மீற்றர் முறுக்குவிசை, கூட வரும் பற்றரி 360 வாட்-மணி. அழகான பொருள். 240 தமிழோசை மட்டுமே என்பதால் நெடுந்தூரத்துக்கு ஆகாது என மறுக்கிறேன். "பலமான கால் இருந்தால் போதும்" என்று கடையில் நின்ற இலகுவாதி ஒருவர் சொன்னார். பலமான கால் இருந்தால் மோட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை; அந்தக் கேள்வி என்னையும் கடிக்கும்.

அடுத்து பெருமோட்டர்வாதிகள். இவர்களுக்கு முறுக்குவிசையே முத்தி. பல ஆண்டுகளாக 85 நியூட்டன்-மீற்றர் என்ற இடத்தில் உலகம் அமைதியாக இருந்தது. 2024இல் ட்ரோன் செய்யும் சீன நிறுவனமான டிஜேஐ, 105 நியூட்டன்-மீற்றர் மோட்டரோடு சைக்கிள் சந்தைக்குள் இறங்கியது. அவசரத்துக்கு 120 வரை போகுமாம், நிறையோ 2.52 கிலோ. பறக்கவிட்டுப் பழகியவர்கள் செய்தது என்பதால் கைபிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இவ்வளவு விசையையும் சட்டம் ஒரே 250 வாட் என்ற சொல்லுக்குள் அடக்கி வைத்திருப்பது ஜேர்மனியச் சட்டமொழியின் கவித்துவம். மறுப்பு: விசை கூடினால் செலவும் கூடும்.

மூன்றாவது இரட்டைப் பற்றரிவாதிகள். இவர்கள் முதுகுப்பையில் இன்னொரு பற்றரியைச் சுமந்து திரிவோர். பார்க்கப் பைத்தியம் போலிருந்தாலும் கணக்குப் போட்டால் இவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 500 வாட்-மணிப் பற்றரி ஏறக்குறைய 3 கிலோ. அதை ஆயிரம் மீற்றர் உயரம் தூக்கிப் போக வேண்டிய சக்தி வெறும் 8 வாட்-மணி, ஐந்தரைத் தமிழோசை. 333ஐக் கொண்டுபோக ஐந்தரை கூலி. எந்த லொறிக்காரரும் இந்த விலைக்கு வரமாட்டார். ஆகவே ஏறும் மலைக்கு நிறை ஒரு பொருட்டே இல்லை என்று தேறுகிறது. நிறை பொருட்டாவது வழியில் மரம் விழுந்து கிடக்கும்போதுதான். கருங்காட்டில் மரப்பட்டை வண்டு தின்று சாகும் ஸ்புரூஸ் மரங்கள் ஏராளம். காற்றடித்தால் பாதைக்குக் குறுக்கே விழும். 25 கிலோ சைக்கிளை இடுப்பு உயர மரத்துக்கு மேலால் தூக்கி மறுபக்கம் வைப்பதற்கு இயற்பியலில் சூத்திரம் உண்டு. என் இடுப்புக்கு அது தெரியாது.

சஸ்பென்ஷன் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. முன்னால் மட்டும் இருந்தால் ஹார்ட்டெயில், பின்னாலும் இருந்தால் இங்கே செல்லமாக ஃபுல்லி. ஐந்து மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் ஃபுல்லி, 130 மில்லிமீற்றர் அசைவு போதும். 170 வேண்டுமென்பவர்கள் பறக்க விரும்புகிறவர்கள்.

எங்கே ஓடுவது

தெரிவு செய்யுமுன் ஓடும் இடத்தின் அகலத்தை அளக்க வேண்டியிருந்தது. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தின் காட்டுச் சட்டம், இரண்டு மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப்பாதையில் சைக்கிள் ஓடக்கூடாது என்கிறது. 1995இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விலக்குப் பெற்ற தடங்கள் சில உண்டு; ஃபிரைபுர்க்கின் ரொஸ்கொப் மலையில் அப்படி ஒன்று. மற்றபடி ஒற்றையடிப் பாதைக்கென்றே செய்த சைக்கிளை வாங்கி, லொறி போகும் பாதையில் ஓட வேண்டும்.

சட்டத்தை மதிப்பவன் என்ற முறையில் மனைவியின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் 2 மீற்றர் 4 சென்ரிமீற்றர். பத்தடி தள்ளி 1 மீற்றர் 91. ஒரே பாதை, அரைவாசி சட்டபூர்வம். நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது ஊன்றுகோல்களோடு நடந்து வந்த முதியவர் நின்று பார்த்தார். விளக்கினேன். பள்ளப்பக்கம் உள்ள புல்லையும் சேர்த்து அளக்கலாமா என்பதில் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. நாடாவின் மறுமுனையைப் பிடித்தும் உதவினார். இந்தச் சட்டத்தைப் பற்றி நான் கேட்ட மிக நியாயமான உரை அன்று அந்தப் புல்லின் மேல் நிகழ்ந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சைக்கிளின் ஆதிபிதா திரைஸ் பாடன் நாட்டின் வன அதிகாரி.

நெடுந்தூரம் என்றால் என்ன

இவ்வளவு எழுதிய பிறகுதான் 'நெடுந்தூரம்' என்பதை வரையறுக்கவில்லை என்பது தெரிந்தது.

கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்டார்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், எத்தனை மீற்றர் ஏற்றம்? நான் பதில் சொல்லத் திணறியதைப் பார்த்து, மோட்டர் செய்யும் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் கணிப்பானைத் திறந்தார். உடல் நிறை, காற்று, தரை, ரயர், மிதிக்கும் வேகம் எல்லாவற்றையும் கேட்டது. இவ்வளவு அந்தரங்கமாக என்னை வைத்தியரும் விசாரித்ததில்லை.

எங்கள் ஊரில் தூரத்துக்குக் கணிப்பான் இல்லை. யாழ்ப்பாணம் பட்டணத்தில் இருந்து பருத்தித்துறை முப்பதுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீற்றர். எதிர்க்காற்றில் அது நெடுந்தூரம், சோளகம் முதுகில் தள்ளினால் பக்கத்தூர். ஒரு சைக்கிளுக்கு எத்தனை பேர் என்பதே அங்கே கணக்கு. பாரில் ஒருவர், கரியரில் ஒருவர், கைபிடியில் ஒரு குழந்தை. இங்கே சைக்கிள் பைத்தியங்கள், ஒருவருக்கு வேண்டிய சைக்கிள்களின் தொகை இருப்பதோடு இன்னும் ஒன்று என்று சூத்திரம் சொல்கிறார்கள். எங்கள் சூத்திரத்தில் வகுத்தல் குறி இருந்தது, கூட்டல் குறி இல்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. பட்டணத்தில் இருந்து சாவகச்சேரி பதினைந்து கிலோமீற்றர் அளவில் வரும். எங்கள் சைக்கிளின் கரியரில் அம்மம்மா, பாரில் அரிசி மூட்டை, கைபிடியில் பானைகள். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். யாரும் ஏறி மிதிக்கவில்லை, மிதிக்க இடமில்லை. விடியும்போதும் வழியில் இருந்த பாலத்தைக் கடந்திருக்கவில்லை. அந்தப் பதினைந்து கிலோமீற்றரைக் கணிப்பானில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல், கடைக்காரரிடம் "எண்பது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

தொலைபேசிச் சாட்சியம்

அம்மாவுக்கு விடயத்தைச் சொன்னேன். ஆய்வில் முதியோர் வாய்மொழிக்கு இடம் உண்டு.

"அதென்ன தம்பி, தானா ஓடுமே?"

"இல்லையம்மா, மிதிச்சால்தான் ஓடும்."

"அப்ப மோட்டர் என்னத்துக்கு?"

"மிதிக்கிறது லேசாய் இருக்க."

"லேசாய் இருக்க வேணுமெண்டா ஏன் மலைக்குப் போறாய்?"

இதற்கு மேல்நாட்டு ஆய்வுலகில் இன்னும் விடை இல்லை. அம்மா காத்திருந்துவிட்டு, வரும்போது ஒன்று கொண்டு வா, உன் தம்பி வயலுக்குப் போகட்டும் என்றார். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பற்றரியைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றேன். பற்றரி இன்னும் தடையோ என்று கேட்டார்.

வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஆய்வுச் சுருக்கத்தை வாசித்தேன்: ஃபுல்லி, 29 அங்குலச் சில்லு, 85 நியூட்டன்-மீற்றர், 800 வாட்-மணி, 25 கிலோ, ஏழாயிரம் யூரோவுக்குச் சற்றுக் கூட.

"இஞ்சேருங்கோ, இப்ப இருக்கிற சைக்கிளுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்லை. தூரம் போகாது."

"அதை வித்துப்போட்டு எடுக்கிறதுதானே?"

இதற்கு விடை தயாராக வைத்திருந்தேன். ஊரில் எல்லா வீட்டிலும் தோட்டத்துக்கு ஒரு பழைய சைக்கிள், பட்டணத்துக்கு ஒரு நல்ல சைக்கிள் இருந்ததைச் சொன்னேன். எங்களுக்குத் தோட்டம் இல்லை என்றார். அது உண்மை. குறித்துக்கொண்டேன்.

"எந்த மோட்டிலை ஓடுறனீங்கள்?"

இங்கே வாசகருக்கு ஒரு விளக்கம். இந்த மோட்டர்களில் ஈகோ, டூர், டர்போ என்று படிகள் உண்டு. என்னுடையதில் ஈகோ என்றால் நான் 100 வாட் மிதிக்கும்போது மோட்டர் 60 வாட் சேர்க்கும், டர்போவில் 340. அயலில் இருக்கும் எழுபது தாண்டிய பாட்டி டர்போவில் பாட்டுப் பாடிக்கொண்டு என்னைக் கடந்து போவார். நான் வாங்கிய நாளில் இருந்து ஈகோவைத் தாண்டியதில்லை. செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளியும் இருக்கிறேன், பற்றரியைச் சேமிக்க.

"ஈகோ," என்றேன்.

"சரி. அந்தப் பற்றரி எப்பவாவது முடிஞ்சு வழியிலை நிண்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"ஆகக் குறைஞ்சது எவ்வளவுக்கு இறங்கினது?"

பொய் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், கொப்பி சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது.

"முப்பத்தெட்டு வீதம்."

500இல் 38 வீதம் 190 வாட்-மணி. 127 தமிழோசை. நான்கு மாதச் செய்தி மீதி இருக்கும்போது, சக்தி போதவில்லை என்று ஓர் ஆய்வு எழுதியிருக்கிறேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை வைத்துவிட்டு, "அரிசி முடிஞ்சுது, கீழ போய்க் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

நிலவறைக்குப் போனேன். முதலாவது சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது. பக்கத்தில் திறந்த அரிசி மூட்டை. அதற்குப் பின்னால் திறக்காதது இரண்டு, இருபது கிலோ வீதம். மேல்தட்டில் உப்பு ஆறு பைக்கற், நெருப்புப்பெட்டி ஒரு டசின், மெழுகுதிரிக் கட்டுகள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு மெழுகுதிரி ஏற்ற வேண்டி வந்ததாக நினைவில்லை. கட்டுகளை எண்ணினேன். ஒன்பது. முந்தின வருடம் ஏழு இருந்தது.

மேலே வந்து அரிசியைக் கொடுத்தேன். மெழுகுதிரி பற்றி நானும் கேட்கவில்லை, 38 வீதம் பற்றி அவரும் கேட்கவில்லை. உலை கொதிக்கத் தொடங்கியது.

"சரி, எடுங்கோ," என்றார். "ஆனா பழையதை விக்கிறேல்லை."

ஆய்வேடு ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பின்னிணைப்பு

சைக்கிள் ஜூன் மாதம் வந்தது. இதுவரை அதில் போன ஆக நீண்ட ஓட்டம் 61 கிலோமீற்றர்: ஃபிரைபுர்க், சங்க்ட் பேட்டர், சங்க்ட் மெர்கன், திரும்பவும் ஃபிரைபுர்க். ஈகோவில். நாற்பதாவது கிலோமீற்றரிலிருந்து இருக்கையில் உட்காரச் சிரமப்பட்டேன். கடைசி ஆறு கிலோமீற்றரை எழுந்து நின்றே மிதித்தேன். கணிப்பான் கேட்காமல் விட்ட ஒரே உறுப்பு அதுதான்.

வீடு வந்து சேர்ந்தபோது பற்றரியில் 42 வீதம் இருந்தது. 224 தமிழோசை.